நாங்கள் நான்கு குடும்பங்களாக இருந்த கோடை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை அழத் தொடங்கியது. அழுவது தரைதான் என்று நான் முதலில் நினைத்தேன். ஏனென்றால் சத்தம் அடுப்புக்கும் அம்மாவின் கால்களுக்கும் நடுவிலிருந்து, மூக்கடைத்த கன்றுக்குட்டி ஒன்று தாயைத் தேடுவதுபோல நீண்டு எழும்பி, பிறகு ஒரேயடியாகப் பத்துக் கன்றுக்குட்டிகளாகப் பெருகி, பருப்புச் சட்டியின் மூடியை நடுங்க வைத்தது. அம்மா அகப்பையை உயர்த்திப் பிடித்தபடி, "கீழ் வீட்டில ஆரோ ஆட்டைக் கொல்லுறாங்கள். போய்ச் சொல்லுங்கோ, இஞ்சை அதுக்குச் சட்டம் இருக்கெண்டு" என்று அப்பாவை எழுப்பினார். இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்ல எனக்கு முடிவதற்குக் காரணம் அம்மாதான். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்களாக, "அந்த நாலு பத்துக்கு உங்களைக் கீழ போகவிட்டது என்ர பிழை" என்று அவர் அப்பாவிடம் சொல்லாத மாதம் கிடையாது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஹம்பேர்க் நகரத்தின் ஓரத்தில், எஸ்-பான் ரயில் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுக்கும் ஒரு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் தட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தங்கச்சி. அப்பா ஒரு பாண் தொழிற்சாலையில் விடியற்புற வேலை முடித்து வந்து பகலில் படுப்பவர். நித்திரை கலைந்த கோபத்தில், வீட்டில் உடுத்தியிருந்த சிவப்பும் பச்சையுமான கட்டம்போட்ட சாரத்தோடும் மேலே ஒரு குளிர்ச் சட்டையோடும் படியிறங்கிப் போனார். கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர், சிவப்பும் பச்சையுமான கட்டம்போட்ட பாவாடை கட்டி, கமக்கட்டுக்குள் ஊதி வீங்கிய ஒரு தோற்பையையும் அதிலிருந்து நாலு திசைக்கும் நீட்டிக்கொண்டிருந்த குழல்களையும் இடுக்கியிருந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் இடுப்புக்குக் கீழே வெகுநேரம் பார்த்தார்களாம். பிறகு அந்த மனிதர் கண் கலங்கி, ஆங்கிலத்தில், "நீங்கள் எந்தக் குலம்?" என்று கேட்டாராம்.

அவர் பெயர் டங்கன். ஸ்கொட்லாந்துக்காரர்; ஹெல்கா என்ற ஜெர்மன் பெண்ணைக் கட்டி ஹம்பேர்க்கிலேயே தங்கிவிட்டவர். "மக்" என்று தொடங்கும் ஒரு குலப்பெயரைச் சேர்ந்தவர்களின் சங்கத்துக்கு வட ஜெர்மனிக் கிளைச் செயலாளர். மீதிப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் நல்ல மனிதர்கள், நாங்கள் செய்தது அவர்களுக்குப் போதும்.

சண்டை பிடிக்கப் போன அப்பா இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வெண்ணெய் பிஸ்கட் வாசத்தோடு திரும்பி வந்து, "நாங்கள் ஒரு குலத்தில சேர்ந்திட்டம்" என்றார்.

"ஏன், இருக்கிற குலம் காணாதோ?" என்றார் அம்மா.

"இது அப்பிடி இல்லையப்பா. ஆரும் சேரலாமாம். தலைமையை ஏற்கிறன் எண்டு சொன்னாக் காணுமாம்."

"ஆர் தலைமையை? இந்த வீட்டில என்ர தலைமையை ஏற்க உங்களுக்குப் பதினாலு வருசம் எடுத்தது."

அப்பாவின் கண்ணில் இருந்தது பிஸ்கட் அல்ல, ஒரு புத்தகம் என்பதை நாங்கள் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டோம். டங்கனிடம் பச்சைத் தோல் அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்று இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாம் அதில் ஏறும். வருடத்துக்கு ஒருமுறை அதன் பிரதி ஸ்கொட்லாந்துக்குப் போய், கல்லால் கட்டிய ஒரு கட்டடத்தில், நெருப்புப் பிடிக்காத இரும்பு அலுமாரி ஒன்றில் வைக்கப்படும். "நெருப்புப் பிடிக்காத அலுமாரி" என்ற மூன்று சொற்களையும் அப்பா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நாலு தரம் சொன்னார்.

அப்பா ஊரில் "கச்சேரி" என்ற அரசாங்கச் செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதி எழுதுவினைஞராகப் பதினோரு வருடம் இருந்தவர். மற்றவர்களின் பிள்ளைகளை எல்லாம் அழகான கையெழுத்தில் பதிந்து வைத்தவருக்குத் தன்னுடையது என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஷெல் விழுந்து வீடு எரிந்தபோது எங்கள் சான்றிதழ்களும், அவர் ஐந்து தலைமுறைக்குத் தேடித் தேடி எழுதிய வம்சக் கொப்பியும் மர அலுமாரியோடு போய்விட்டன. வீடு எரிந்ததைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. மர அலுமாரியைப் பற்றித்தான் கதைப்பார். "எங்கட பேர் எங்கையாவது ஒரு புத்தகத்தில கிடக்கவேணும்" என்று சொல்லுவார், யாரோ அதை வேண்டாமென்று மறுத்ததுபோல.

அடுத்த சனிக்கிழமை டங்கன் அந்தப் பதிவேட்டைக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு எங்கள் குசினி மேசைக்கு வந்தார். பக்கத்தின் தலையில் குடும்பப் பெயர், கீழே ஆட்களின் பெயர். அப்பா எங்கள் நால்வரின் ஜெர்மன் பத்திரங்களையும் எடுத்து வரிசையாக வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் எங்கள் குடும்பத்தை ஒரு எழுதுவினைஞரின் கண்ணால் முதல் தடவையாகப் பார்த்தார்.

எங்களுக்கு ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர்தான் பின்னால் வருவது. அதையே இந்த நாட்டுப் பத்திரங்கள் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே அப்பா, தாத்தாவின் பெயரில், கந்தையா. அம்மா தன் கடவுச்சீட்டில் வந்ததுபோலவே தன் தகப்பன் பெயரில் பொன்னம்பலம். நான், அப்பாவின் பெயரில், சிவபாலன். ஜெர்மனியில் பிறந்த தங்கச்சிக்கு, பதிந்த அலுவலர் நெடுநேரம் யோசித்துவிட்டு நிலா என்பதைக் குடும்பப் பெயராகவும் சிவபாலன் என்பதை அவளுடைய சொந்தப் பெயராகவும் போட்டுவிட்டார். மாற்றுவதற்கு "அன்ராக்" என்ற விண்ணப்பம் எழுதிப் போட்டுக் காத்திருந்தோம். அதுவரை தடுப்பூசிக் கடிதங்கள் எல்லாம் திருவாளர் சிவபாலன் என்று விளித்துத்தான் அவளுக்கு வந்துகொண்டிருந்தன.

எல்லாவற்றையும் கந்தையா என்ற ஒரே பக்கத்தில் எழுதிவிட்டால் கதை முடிந்திருக்கும். அம்மா அதைத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது "ஏலாது". "பத்திரத்தில என்ன கிடக்கோ அதுதான் புத்தகத்தில ஏறவேணும். பதினோரு வருசம் அப்பிடித்தான் எழுதினனான்" என்று சொல்லி, நாலு பெயருக்கு நாலு பக்கம் கேட்டு, நாலையும் மணிமணியாக நிரப்பினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குடும்பத் தலைவர் வேண்டும் என்றபடியால், நாலு வயதில், மூக்கு ஒழுக, கையில் பாணும் ஜாமுமாக மேசைக்குக் கீழே இருந்த என் தங்கச்சி நிலா குடும்பத்தின் தலைவியானாள். நாலே நாலு கிழடுகளோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டங்கனின் கிளைக்கு வெறும் பக்கங்கள் நிரம்புவதே பெரிய விஷயம். அவர் மகிழ்ச்சியோடு பிரதியைத் தபாலில் போட்டார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் இரத்தம் இல்லாமல் டங்கன் எங்கள் வாசலில் நின்றார். ஹம்பேர்க்கில் ஒரே மாதத்தில் நாலு புதிய குடும்பங்கள் குலத்தோடு இணைந்த செய்தி தலைமையகத்தை ஆட்டிவைத்திருந்தது. மூடிவிடலாம் என்று யோசித்திருந்த கிளையை இனி மூடமாட்டார்களாம். கோடைக் கூட்டத்துக்குக் குலத்தலைவியே நேரில் வந்து அந்த நாலு குடும்பங்களையும் வரவேற்கப் போகிறாராம். கடிதத்தின் அடியில் அச்சடித்த விதிகளில் ஒன்றை டங்கன் நகத்தால் தொட்டுக் காட்டினார்: பொய்யாகப் பதியப்பட்ட குடும்பத்தின் பக்கம் பதிவேட்டிலிருந்து கிழிக்கப்படும்.

"நான் ஒரு பொய்யும் எழுதேல்லை" என்றார் அப்பா.

"அப்ப ஏன் உங்களுக்கு வேர்க்குது?" என்றார் அம்மா.

உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் போட அன்றைக்கு இரண்டு ஆண்களாலும் முடியவில்லை. ஒருவருக்குக் கிளை போய்விடும், மற்றவருக்குப் பக்கம் போய்விடும். வழி கண்டுபிடித்தவர் ஹெல்கா. பொய் சொல்லத் தெரியாத, ஆனால் ஒழுங்குபடுத்தத் தெரிந்த பெண். நாலு பெயருக்கு நாலு மேசை போடுவோம், மேசைக்கு ஒரு ஆள் இருங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள் என்றார். இதை அப்பா மொழிபெயர்த்தபோது அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"என்னை வேற மேசையில இருக்கட்டாமோ? கலியாணம் கட்டி, கடல் கடந்து வந்து, இப்ப உங்கட புத்தகத்துக்காக நான் தனிக்குடும்பமோ?"

"ஒரு பின்னேரத்துக்குத்தானேயப்பா."

"நாலு குடும்பமும் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரவேணுமாம் எண்டு அந்த மனிசி சொன்னது எனக்கும் விளங்கினது. அந்த நாலு குடும்பத்துக்கும் சமைக்கிறது ஆர்?"

அந்தக் கூட்டத்துக்கு முந்திய இரண்டு வாரமும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சிவபாலன் குடும்பத்தின் தலைவி என்ற முறையில் என்னிடம் யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று பள்ளிக்கூடத்திலும் படுக்கையிலும் ஒத்திகை பார்த்தபடி இருந்தேன். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒரு படிவம் நிரப்பினால் மூன்று தரம் வாங்கிப் பார்க்கிறேன். மகள் சிரிப்பாள். அவளுக்கு அந்த மேசை தெரியாது.

கூட்டம் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வாடகை மண்டபத்தில் நடந்தது. தலைவி பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தின் நாலு மூலையிலும் நாலு மேசை, ஒவ்வொன்றிலும் ஹெல்காவின் வட்ட எழுத்தில் பெயர் அட்டை. அம்மா தன் மேசைக்குப் போய், பொன்னம்பலம் என்ற அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா செத்து இருவது வருசம். வேலணையை விட்டு வெளிய போகாத மனிசன். இண்டைக்கு ஹம்பேர்க்கில மேசை போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் மேசையை ஒருதரம் துடைத்துவிட்டு இருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த மேசையைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

சாப்பாடும் நாலாகப் பிரிந்திருந்தது. கந்தையா குடும்பத்துக்கு ரோல்ஸ், பொன்னம்பலம் குடும்பத்துக்கு மீன் கட்லட், நிலா குடும்பத்துக்கு உளுந்து வடை, என் குடும்பத்துக்குக் கேசரி. எனக்குக் கேசரி பிடிக்காது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் குடும்பத் தலைவியாகிவிட்ட பிறகு யாரிடம் போய் முறையிடுவது? மண்டபத்தின் மறுபக்கத்தில் அப்பாவின் முன்னால் ஆவி பறந்த ரோல்ஸைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். தலைவி வரவில்லை. ரயில் எங்கேயோ நின்றுவிட்டது என்று மண்டபத்துத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. டங்கன் பதற்றத்தில் தன் தோற்பைக் குழலை, பாக்பைப்பை, எடுத்து ஊதினார். நிலா குடும்பத்தின் தலைவி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனாள்.

அப்போதுதான் அலெக் எழும்பினார். கிளையின் பழைய நாலு பேரில் ஒருவர். கப்பலில் வேலைசெய்து ஓய்ந்த, கண்கள் எப்போதும் நனைந்திருக்கும் பெரிய மனிதர். புதிய குடும்பங்களுக்கு வணக்கம் சொல்லவேண்டும் என்று மேசை மேசையாக வந்தார். முதலில் என்னிடம் வந்து, உன் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஹெல்கா சொல்லியிருந்தார். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன்.

"நான் மட்டும்தான்."

அவர் என் தலையில் கையை வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சொக்லட்டை எடுத்துத் தந்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே மேசைக்குக் கீழே நாலு வயதுக் குழந்தை ஒன்று தனியாக வடை தின்றுகொண்டிருந்தது. அம்மாவிடம் போனார். அம்மாவுக்கு ஜெர்மன் அவ்வளவு வராது. ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். அப்பாவிடம் போனார். அப்பா எழுந்து நின்று, பத்திரத்தின்படி தான் ஒருவர்தான் என்று தலைகுனிந்து சொன்னார். அலெக் மண்டபத்தின் நடுவில் வந்து நின்று, நாலு மூலையையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலு குடும்பம், குடும்பத்துக்கு ஒருவர் மிச்சம். எங்கள் நாட்டில் சண்டை நடப்பதை அவர் செய்தியில் பார்த்திருந்தார். அந்தப் பெரிய மனிதர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். சொக்லட் என் வாயில் கரையவில்லை.

அழுது முடித்துவிட்டு அலெக் சும்மா இருக்கவில்லை. மாலுமி அல்லவா, காரியத்தில் இறங்கினார். நேரே அம்மாவிடம் போய், குனிந்து வணங்கி, கையைக் கொடுத்து எழுப்பி, மண்டபத்தின் குறுக்கே நடத்திக்கொண்டு வந்து அப்பாவின் மேசையில் அவருக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்து இருத்தினார். பிறகு அப்பாவின் தோளில் தட்டி ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

அப்பா ரோல்ஸ் தட்டைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார். "இந்த அம்மா நல்லவாவாம். நானும் தனிச்சுப்போனனாம். எங்கள் ரெண்டு பேருக்கும் பொருந்துமாம். யோசிக்கட்டாம்."

"ஒருக்காக் கட்டினது காணும் எண்டு சொல்லுங்கோ."

"அப்பிடிச் சொல்ல ஏலாதே. கட்டினதெண்டு சொன்னாப் பக்கம் போயிடும்."

"அப்ப யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ" என்றார் அம்மா, ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தபடி.

அலெக் அதற்குள் தங்கச்சியை மேசைக்குக் கீழேயிருந்து தூக்கி வந்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டார். வைத்த கணமே அவள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். அதைப் பார்த்து அலெக்குக்கு மறுபடியும் அழுகை வந்தது. பிறகு என்னையும் கேசரியோடு கூட்டிவந்து அப்பாவின் பக்கத்தில் இருத்தினார். எங்கள் நால்வருக்கும் முன்னால் ஒரே தட்டு. அம்மா வழக்கம்போல என் ரோல்ஸைப் பிய்த்து, உள்ளே வைத்த உறைப்பான உள்ளுடனைக் கொஞ்சம் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைத் தந்தார். மற்ற மூன்று மூலையிலும் வெறும் மேசைகளும் பெயர் அட்டைகளும் இருந்தன.

அந்த மண்டபம் இப்போது ஒரு தளபாடக் கடையின் களஞ்சியம். நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்து, ஜன்னல்கள் கிணுகிணுக்காத வேறொன்று கட்டிவிட்டார்கள். அலெக் போய்விட்டார், டங்கன் போய்விட்டார், ஹெல்கா மகளோடு தெற்கே எங்கேயோ இருக்கிறார். கிளை என்று ஒன்று இப்போது இல்லை. அப்பா அந்தச் சாரத்தைக் கிழியும்வரை உடுத்தினார், அவரும் இல்லை. தங்கச்சியின் "அன்ராக்" ஒருவழியாகப் பலித்து, அவள் திருவாளர் அல்ல என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் மட்டும் இன்னும் ஒரே குடும்பப் பெயர் இல்லை. விமான நிலையத்தில் அதிகாரி என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்க்கும்போது, இவர்கள் எனக்குத்தான் பிறந்தவர்கள் என்று காட்டும் பத்திரத்தை எடுக்கக் கைப்பைக்குள் என் கை தன்பாட்டில் போகும். அந்த நேரத்தில் எல்லாம் எனக்கு மண்டபத்துக் கதவு திறந்த சத்தம் கேட்கும்.

அந்தக் கதவு அன்றைக்கு மூன்றே காலுக்குத் திறந்தது. இறகுத் தொப்பியும் வாளுமாக ஒருவர் வருவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது, மழையில் நனைந்த மண்ணிறக் குளிரங்கியோடு, சப்பாத்துச் சளக் சளக் என்று ஒலிக்க, என் உயரமே இருந்த ஒரு வயதான பெண். அலெக் ஓடிப்போய், நாலு அனாதைக் குடும்பங்களைத் தான் அரை மணித்தியாலத்தில் ஒரு குடும்பமாக்கிவிட்டதாகப் பெருமையோடு அவருக்கு அறிவித்தார். டங்கன் கண்களை மூடிக்கொண்டார். அப்பா ரோல்ஸைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், கச்சேரியில் பெரியவர் அறைக்குள் போவதுபோல எழுந்து நின்றார். அலெக்கின் அழுகைக்கு முன்னால் அவருக்கு அதற்கு மேல் மறைக்க ஏலாது போயிற்று என்று நினைக்கிறேன். இது என் மனைவி, இவர்கள் என் பிள்ளைகள், நாங்கள் எப்போதும் ஒரு குடும்பம்தான், பத்திரங்கள்தான் நாலு, எழுதியது நான், டங்கன் மீது பிழை இல்லை என்று, திருத்தமான ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

தலைவி நனைந்த குளிரங்கியைக் கழற்றவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாக விரலை ஓட்டி வாசித்தார். ஏன் நாலு பெயர் என்று கேட்டார். அப்பா சொன்னார். என்னைக் காட்டி, இவளுக்குப் பிள்ளை பிறந்தால் எந்தப் பெயர் வரும் என்று கேட்டார். பிள்ளையின் தகப்பன் பெயர் என்றார் அப்பா. நித்திரையாயிருந்தவளைக் காட்டி, இவளுக்கு என்று கேட்டார். அது இன்னொரு பெயர் என்றார் அப்பா. தலைவி பதிவேட்டின் கடைசிப் பக்கம்வரை வெறும் தாள்களைப் பெருவிரலால் விசிறிப் பார்த்தார். பிறகு டங்கனைப் பார்த்து, தாழ்ந்த குரலில், இரண்டே இரண்டு வசனம் சொன்னார்.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

"என்னவாம்?" என்று அம்மா அவர் கையைப் பிடித்து உலுக்கினார். "சொல்லுங்கோவனப்பா. கிழிக்கப்போறாவாமோ?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இல்லையப்பா" என்றார். "நாலு பக்கம் எங்களுக்குக் காணாதாம். பிள்ளையளின்ர பிள்ளையளுக்கும் இடம் விட்டு எழுதட்டாம்."